ஒரே நாளில் எல்லோரும் லீவு: அது வேலைநிறுத்தமா?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தனியார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மொத்தம் 110 தொழிலாளர்கள். நான்கு மாத ஓவர்டைம் பணம் பாக்கி என்பதால், கடந்த மாதம் ஒரு திங்கட்கிழமை 62 பேர் தற்செயல் விடுப்பு எடுத்தோம். ‘சட்டவிரோத வேலைநிறுத்தம்’ என்று நோட்டீஸ் ஒட்டி, எட்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் என்ற சொல்லையே நாங்கள் பயன்படுத்தவில்லையே?

பதில்: பெயர் வைக்காததால் தப்பிக்க முடியாது. நீங்கள் அனுப்பிய விடுப்புக் கடித நகலைப் பார்த்தேன். 62 கடிதங்களும் ஒரே ஜெராக்ஸ். பெயரும் கையெழுத்தும் மட்டும் வேறு. காரணம் எல்லாவற்றிலும் ‘சொந்த வேலை’. இதைவிட நல்ல சாட்சி நிர்வாகத்துக்குக் கிடைக்காது.

பலர் கூடிப் பேசி வேலையை நிறுத்துவதுதான் சட்டத்தின் பார்வையில் வேலைநிறுத்தம். கொடியும் கோஷமும் தேவையில்லை, முழு நாளும் தேவையில்லை. 1948 நவம்பர் 1 அன்று சூரிய கிரகணத்துக்கு விடுமுறை தரவில்லை என்று பெரம்பூர் பி அண்டு சி ஆலையில் இரவு ஷிப்ட் தொழிலாளர்கள் 859 பேர் சில மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள். அதுவும் வேலைநிறுத்தமே என்று 1952இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இன்னும் வெளிப்படை. தொழிலாளர்களில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அது வேலைநிறுத்தம். உங்கள் கணக்கில் பாதி 55, நீங்கள் 62. (50 பேர் என்றாலும் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது, கூடிப் பேசி மறுத்தார்கள் என்ற பொது இலக்கணம் அப்படியே இருக்கிறது.) குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பும் தரவில்லை என்பதால், ‘சட்டவிரோதம்’ என்ற சொல்லையும் எளிதில் மறுக்க முடியாது.

ஆனால் எட்டு நாள் பிடித்தம் வேறு விஷயம். வேலை செய்யாத அந்த ஒரு நாள் சம்பளம் போனது போனதுதான். மீதிக்கு நிர்வாகம் காட்டும் விதி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராதிருந்தால் எட்டு நாள் ஊதியம் வரை பிடிக்கலாம் என்பது. அதற்கும் ஒரு கடிவாளம் உண்டு: முன்னறிவிப்புக்குப் பதிலாகத் தொழிலாளி இவ்வளவு பணம் தர வேண்டும் என்று உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நியமன ஆணையைத் தேடி எடுங்கள். அப்படி ஒரு வரி இல்லையென்றால் பிடித்தம் நிற்காது. நான்கு மாதம் பாக்கி வைத்ததே நியாயமான காரணம் என்றும் வாதாடலாம்.

ஓவர்டைம் பணம் உங்கள் உரிமை. வழக்கமான ஊதியத்தைப் போல் இரு மடங்கு. ஒரு நாள் வராததால் அது கழிந்துவிடாது. பிடித்தம், ஓவர்டைம் இரண்டுக்கும் சேர்த்தே தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். மூன்று ஆண்டு வரை காலம் உண்டு.

‘வருத்தக் கடிதம்’ என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ‘சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டேன்’ என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.