முன்பின் தெரியாத வீட்டில் ஓராண்டு: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. பத்தாம் வகுப்பு முடிக்கும் உங்கள் மகள் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு அமெரிக்கா போக ஆசைப்படுகிறாள். முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் வயதுப் பெண்ணை எப்படி விடுவது என்று நீங்கள் கேட்கிறீர்கள். ஒரு வருடம் வீணாகிவிடுமே என்று உங்கள் கணவர் தயங்குகிறார். இரண்டுமே நியாயமான கவலைகள்தான். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன்: தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை உங்கள் மகள் வாய்திறந்து சொல்வாளா?

முதலில் அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளி மாணவர்கள் இந்தத் திட்டத்தில், பரிமாற்றத்தில் வருபவர்களுக்கென்றே உள்ள ஜே-1 விசாவில் போகிறார்கள். வயது பதினைந்துக்குக் குறையாமலும் பதினெட்டரையைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். ஹோஸ்ட் குடும்பத்தினர் உங்கள் மகளை வைத்துக்கொள்வதற்குப் பணம் வாங்குவதில்லை. ஆகவே, வாடகைக்கு ஆள் வைக்கும் வீட்டோடு இதை ஒப்பிடாதீர்கள். அமெரிக்க அரசின் விதிகளும் கறாரானவை. வீட்டில் பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவர் மீதும் குற்றப் பின்னணி விசாரணை நடக்கும். பரிமாற்றத்தை நடத்தும் அமெரிக்க அமைப்பின் ஆள் நேரில் வந்து குடும்பத்தினரோடு பேசி, வீட்டைப் புகைப்படம் எடுத்துப் பதிவு செய்வார். உங்கள் மகளுக்குத் தனிக் கட்டில் தர வேண்டும். காற்றடைத்த மெத்தையையோ, இரவில் படுக்கையாக விரிக்கும் சோபாவையோ காட்டி ஒப்பேற்ற முடியாது. அறையைப் பகிர்வதானால் இன்னொரு பெண்ணோடு மட்டும்தான். அந்தப் பகுதியிலேயே அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். அவர் மாதம் ஒருமுறையாவது உங்கள் மகளிடம் பேச வேண்டும், முதல் மாதம் நேரிலேயே பார்க்க வேண்டும். ஹோஸ்ட் குடும்பமும் ஒருங்கிணைப்பாளரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்றும் விதி உண்டு. வீட்டில் ஏதாவது சரியில்லை என்றால் பிள்ளை முறையிட வீட்டுக்கு வெளியே ஒருவர் வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இது.

இவ்வளவு இருந்தும், பிள்ளை பேசாவிட்டால் எந்த விதியாலும் பயனில்லை. நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்டுப் பழகுவதே இல்லை. முகம் வாடினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. தட்டு காலியானால் யாராவது கரண்டியோடு வந்து நிற்கிறார்கள். போதும் என்று நாம் சொன்னாலும் இன்னும் ஒன்று வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். இப்படி வளர்ந்த பெண் அமெரிக்க வீட்டில் மாலை ஆறு மணிக்கே இரவு உணவுக்கு உட்காருகிறாள். “இன்னும் கொஞ்சம் வேண்டுமா?” என்று அந்த அம்மா கேட்கிறார். நம் பெண் மரியாதைக்காக “வேண்டாம்” என்கிறாள். அவர் அதை அப்படியே நம்பி, பாத்திரத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார். இரவு பத்து மணிக்குப் பசிக்கிறது; அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்கக் கூச்சமாக இருக்கிறது. மறுநாள் காலை உங்களுக்குப் போன் வருகிறது: “இங்கே சாப்பாடே போட மாட்டேன் என்கிறார்கள்.” நான் ஆலோசனை சொல்லி அனுப்பிய பிள்ளைகளின் முதல் மாதப் புகார்களில் பாதி இந்த வகைதான். அந்தக் குடும்பம் கெட்டதுமல்ல, பிள்ளை பொய் சொல்வதுமில்லை.

ஆகவே இப்போதிருந்தே பழக்குங்கள். வாரத்தில் இரண்டு நாள், அவள் கேட்காமல் எதையும் பரிமாறாதீர்கள். உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். எங்காவது போக வேண்டும் என்றால் மூன்று நாள் முன்னதாகவே அவளாகக் கேட்கட்டும். அமெரிக்காவில் சிறிய ஊர்களில் நம் ஊர்போல் நினைத்த நேரத்துக்கு டவுன் பஸ் கிடையாது. இந்தத் திட்டங்களில் போகிறவர்கள் கார் ஓட்டவும் அனுமதி இல்லை. சனிக்கிழமை நூலகத்துக்குப் போக வேண்டுமானால் புதன்கிழமையே அந்த வீட்டாரிடம் சொல்லி வைக்க வேண்டும். முட்டை சாப்பிடுவாளா, முட்டை சேர்த்த கேக் சாப்பிடுவாளா, இறைச்சி வறுத்த வாணலியில் செய்ததைச் சாப்பிடுவாளா என்பதையெல்லாம் அவள் வாயாலேயே தெளிவாகச் சொல்லிப் பழகட்டும். “நாங்கள் சைவம்” என்பதோடு நிறுத்தினால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. மாதவிடாய் நாட்களில் என்ன தேவை என்பதையும் கூச்சமில்லாமல் கேட்கத் தெரிய வேண்டும்.

சின்ன விஷயம்தான், ஆனால் சொல்லாமல் விட்டால் வம்பு. அங்கே குளியலறைத் தரையில் பெரும்பாலும் வடிகால் இருக்காது. தொட்டிக்குள் நின்று குளிக்கும்போது திரைச்சீலையின் அடிவிளிம்பு தொட்டிக்குள்ளே விழ வேண்டும். வெளியே கிடந்தால் தண்ணீர் தரையில் தேங்கி, மாடி வீடாக இருந்தால் கீழ்த்தளக் கூரை வரை ஊறிவிடும். குளித்து முடித்ததும் அறை உலர்ந்திருக்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்தை இயக்கவும் தன் தட்டைத் தானே கழுவி வைக்கவும் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ள வேலைகள் இவளுக்கும் உண்டு. அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விருந்தாளியாக நடத்தவில்லை, வீட்டுப் பெண்ணாக நடத்துகிறார்கள் என்று பொருள்.

உங்கள் கணவரின் கவலைக்கு வருகிறேன். ஆமாம், ஒரு வருடம் கூடுதலாகும். அங்கே பள்ளி ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்கி மே, ஜூனில் முடிகிறது. பத்தாம் வகுப்பு முடித்துப் போனால் திரும்பி வந்து பிளஸ் ஒன்னில் சேரலாம். அங்கே படித்ததை இங்கே ஒரு வகுப்பாக ஏற்கவைக்க அலைய வேண்டாம் என்பது என் கருத்து; அதைக் கூடுதல் ஆண்டாகவே கணக்கில் வையுங்கள். பிளஸ் ஒன்னுக்கும் பிளஸ் டூவுக்கும் நடுவில் மட்டும் அனுப்பாதீர்கள். நீட், ஜேஇஇ எழுத நினைக்கும் பிள்ளைக்கு அந்த இடைவெளி பெரிய அடி. திரும்பி வந்ததும் இடம் தருவதாகத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தொடர்ந்து படித்தவர்களுக்கு உயர்கல்விக் கலந்தாய்வில் இருப்பிடச் சான்றிதழ் கேட்பதில்லை. நடுவில் ஓராண்டு வெளிநாட்டில் படித்தால் தேவைப்படலாம், அதையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அங்கிருந்து அப்படியே அமெரிக்கக் கல்லூரியில் சேர்ந்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். ஆண்டு முடிந்ததும் ஊர் திரும்புவதுதான் ஏற்பாடு.

இனி, உங்களுக்கே ஒரு வேண்டுகோள். தினமும் வீடியோவில் அழைக்காதீர்கள். சிகாகோவில் இரவு மணி எட்டு என்றால் கோடைக்காலத்தில் நமக்கு மறுநாள் காலை ஆறரை. அவள் அந்த வீட்டாரோடு கூடத்தில் உட்கார வேண்டிய நேரத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உங்களோடு பேசிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை நிதானமாகப் பேசுங்கள், போதும். தீபாவளி வரும்போது அங்கே குளிர் தொடங்கி நாலரை ஐந்து மணிக்கே இருட்டும் காலம் நெருங்கியிருக்கும், அப்போது அழுவாள். ஏக்கம் என்றால் அடுத்த வாரத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும்.

ஆனால், “இந்த வீட்டில் எனக்குப் பயமாக இருக்கிறது” என்றோ, ஒருவர் பார்வையும் தொடுதலும் சரியில்லை என்றோ சொன்னால், “கொஞ்சம் பொறுத்துப் போம்மா” என்ற வார்த்தை உங்கள் வாயில் வரவே கூடாது. முழுவதையும் கேளுங்கள், நம்புங்கள். ஒருங்கிணைப்பாளரின் எண், அமைப்பின் இருபத்து நான்கு மணி நேர எண், அமெரிக்க வெளியுறவுத் துறையின் உதவி எண் மூன்றும் அவள் கைப்பையிலும் உங்களிடமும் இருக்கட்டும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் முதலில் 911. வீட்டை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, அதில் எந்த அவமானமும் இல்லை. ரோட்டரி சங்கத்தின் பரிமாற்றத்தில் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் தங்குவது வழக்கமே.

ஏஜென்ட் மூலம் போவதானால் ஒரே கேள்வி கேளுங்கள்: “அமெரிக்காவில் எந்த அமைப்பு எங்கள் மகளுக்குப் பொறுப்பு?” பெயர் சொல்ல மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். சொன்னால், வெளியுறவுத் துறையின் அங்கீகாரப் பட்டியலிலும் சிசியெட் (CSIET) என்ற, பரிமாற்றத் திட்டங்களின் தரத்தைப் பார்க்கும் அமைப்பின் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎஃப்எஸ் 1947 முதலே பள்ளி மாணவர்களைப் பரிமாறி வரும் அமைப்பு, அதன் இந்தியக் கிளையிடமும் விசாரிக்கலாம்.

விண்ணப்பத்தோடு ஹோஸ்ட் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். அதை ஆங்கில ஆசிரியரிடமோ ஏஜென்டிடமோ கொடுத்துவிடாதீர்கள். பிழையோடு இருந்தாலும் அவளே எழுதட்டும். நாய் என்றால் அவளுக்குப் பயம் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே எத்தனையோ வீடுகளில் நாய் சோபாவில்தான் படுத்திருக்கும். கடிதத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.