மாலை போடட்டும், மாத்திரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குத் தேனி மாவட்டம் கூடலூர். தினமும் ஜீப்பில் குமுளி ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். என் வீட்டுக்காரர் அங்கே மூட்டை ஏற்றி இறக்குகிறார். போன வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டபோது கேரளப் பக்கம் ஒரு டாக்டர் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பாக்லோஃபென் 10 மில்லிகிராம் மாத்திரை பத்து நாளைக்கு எழுதினார். வலி போன பிறகும் இவர் விடவில்லை. அதே சீட்டைக் காட்டி மலைக்கு மேலே ஒரு கடை, கீழே ஒரு கடை என்று வாங்குகிறார். இப்போது ஒரு நாளைக்குப் பத்து வரை போகிறது. போன மாதம் மாத்திரை அட்டைகளை ஒளித்துவைத்தேன். மறுநாள் ராத்திரி கைகால் உதறி, வேர்த்துக் கொட்டி, சுவரோரம் யாரோ நிற்கிறார்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார். பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டதும் எல்லாவற்றையும் விட்டுவிடுவேன் என்கிறார். நம்பலாமா?

- பெயர் வேண்டாம், கூடலூர்

பதில்: தங்கச்சி, அவரால் விட முடியும். ஆனால் மாலை போடுகிற அன்றைக்கே ஒரேயடியாக விடக்கூடாது. இதை முதலில் அவர் காதில் போடுங்கள்.

அன்று ராத்திரி நீங்கள் பார்த்தது, மருந்து திடீரென்று நின்றதால் வந்த கோளாறு. பாக்லோஃபென் தண்டுவடத்திலும் மூளையிலும் நரம்புகளின் துடிப்பை அடக்குகிறது. மாதக்கணக்கில் அடக்கியே வைத்தால் நரம்புகள் அதற்கு ஈடுகட்டிப் பழகிவிடுகின்றன. மாத்திரை நின்றதும் அடக்க ஆளில்லாமல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். நடுக்கம், தூக்கமின்மை, இல்லாத உருவங்கள் தெரிவது, வலிப்பு என்று அது போகலாம். முற்றினால் கடும் காய்ச்சல் வந்து உடம்பு விறைத்து, தசை சிதைந்து, சிறுநீரகமும் கெடும். உயிரே போகலாம். பொதுவாக ஒரு நாளைக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. இவர் 100 சாப்பிடுகிறார். நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை.

பள்ளத்தாக்கில் நான் வேலை பார்த்த வார்டுக்கு ஒரு தோட்டத் தொழிலாளியை வலிப்போடு கொண்டுவந்தார்கள். உடம்பு கொதித்தது. குடியை நிறுத்தியதால் வந்த உதறல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் மனைவி மடியிலிருந்து ஒரு காலி அட்டையை எடுத்து நீட்டிய பிறகே விஷயம் புரிந்தது. அந்த மருந்தையே திரும்பக் கொடுத்துத்தான் நிலைக்குக் கொண்டுவந்தோம். அதனால்தான் சொல்கிறேன், டாக்டரிடம் போகும்போது அட்டையும் பழைய சீட்டும் கையில் இருக்கட்டும். எத்தனை மாத்திரை என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு நாலு என்று சொன்னால், டாக்டர் நாலிலிருந்துதான் குறைப்பார்.

கார்த்திகை வரை காத்திருக்காமல் இந்த வாரமே தேனி கானாவிலக்கு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சிறுநீரகத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இந்த மருந்தில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். இவருக்குப் பல வாரம் பிடிக்கலாம். நடுவில் பழைய தொந்தரவு தலைகாட்டினால் வேகத்தைத் தணிப்பார்கள். அதுவரை மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம். இவற்றோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும். இன்னொன்று: சில நாள் விட்டுவிட்டுத் திரும்பப் பழையபடி பத்து போட்டால் அதுவும் ஆபத்து. உடம்பு அந்த அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும்.

விரதத்தை நான் தடுக்கவில்லை. மது இல்லாத நாற்பத்தொரு நாள், விடியற்காலைக் குளியல், கூட நாலு சாமிகள் என்பதெல்லாம் இவருக்குப் பெரிய பலம். டாக்டர் எழுதிய மருந்தைச் சாப்பிட்டால் விரதம் கெடும் என்று நான் நினைக்கவில்லை. குருசாமியிடம் விஷயத்தை நேராகச் சொல்லுங்கள். சத்திரம், புல்மேடு வழியாகச் சபரிமலைக்குக் காட்டில் நடப்பவர்கள் என்றால் நடுவில் மருந்துக்கடை கிடையாது. அன்றைய மாத்திரை தோள்பையில் இருக்க வேண்டும், கூட வருபவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

வலிப்போ காய்ச்சலோ புலம்பலோ வந்தால் எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் 108தான். பேசி ஆறுதல் தேட 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசில்லை.

ஒரு பழைய சீட்டுக்கு மாதக்கணக்கில் மாத்திரை விற்ற கடைக்காரர்களை நினைத்தால் மனசு கொதிக்கிறது. அந்தச் சீட்டில் பத்து நாள் என்றுதானே எழுதியிருந்தது?

கேள்வி: தோள்பட்டை வலிக்கு, தசையைத் தளர்த்தும் டிசானிடின் 2 மில்லிகிராம், ராத்திரி ஒன்று வீதம் ஐந்து நாள் சாப்பிட்டேன். இதையும் குறைத்துத்தான் நிறுத்த வேண்டுமா?

- வாசகர், புளியரை

பதில்: ஐந்து நாளைக்கு அந்தச் சின்ன அளவு என்றால் பயமில்லை ஐயா. வாரக்கணக்கில் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் சாப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும், நெஞ்சு படபடக்கும், தசை மறுபடி இறுகும். அவர்கள் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். உங்களுக்கு வேறொரு எச்சரிக்கை: டிசானிடினோடு, நீர்க்கடுப்பு போன்றவற்றுக்குத் தரும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து சேரவே கூடாது; அழுத்தம் படுத்துவிடும். மறுபடி இந்த மாத்திரை சாப்பிடும் நாளில் நீர்க்கடுப்புக்கு வேறு டாக்டரைப் பார்த்தால், மருந்து எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள்.