1 டெராபைட் நிரம்பிவிட்டது: வீட்டுக் கணினிக்கு 4 டெராபைட் வன்தட்டு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் ஒரு 4 டெராபைட்டை விட இரண்டு 2 டெராபைட் வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். யாழ்ப்பாணத்தில் கணினி திருத்தும் கடையொன்றில் கன வருடமாக வேலை செய்கிறேன். கொள்ளளவு கூடக் கூட, ஒரே தட்டை நம்பி எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வைக்கும் பழக்கமும் கூடிக்கொண்டே வருகிறது. எனக்குப் பயம் அதில்தான்.

முதலில், 1 டெராபைட் என்று வாங்கியது ஏன் 931 ஜிபி என்று காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். யாரும் ஏமாற்றவில்லை. தட்டுச் செய்யும் கம்பனி ஒரு இலட்சம் கோடி பைட்டை 1 டெராபைட் என்கிறது. விண்டோஸ் அதே எண்ணை 1024 × 1024 × 1024 ஆல் வகுத்து, வருவதை ஜிபி என்று காட்டுகிறது. வகுத்துப் பாருங்கள், 931 வரும்.

"முந்தி 40 ஜிபி போதுமாக இருந்ததே" என்று பலர் சொல்வது பாதி உண்மை. கடிதம் அடிக்கவும் பாட்டுக் கேட்கவும் அது தாராளம். கலியாண வீடியோ எடுத்தவர்களுக்கு அது ஒருநாளும் போதவில்லை. வீடியோ கமெராவின் மினிடிவி (MiniDV) கசெட்டில் இருந்து ஒரு மணித்தியாலப் படத்தைக் கணினிக்குள் இறக்கினால் 13 ஜிபி அளவில் பிடிக்கும். 40 ஜிபி தட்டில் மூன்று மணித்தியாலம் ஏற்றினாலே முடிந்தது. பொன்னுருக்கல், தாலி கட்டு, கால்மாறிப் போதல் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி டிவிடியில் எழுதிக் கொடுத்த கையோடு, அடுத்த கலியாணத்துக்கு இடம் வேண்டுமென்று மூலப் படத்தை அழித்துவிடுவார்கள். இன்றைக்கு அந்த டிவிடி கீறுப்பட்டுப் படிக்காமல் போனால், திரும்ப எடுக்க எதுவும் இருக்காது. இப்போதைய 4கே கமெராக்களில் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. உங்கள் 1 டெராபைட் எங்கே போனது என்பதற்கு வேறு பதில் தேட வேண்டியதில்லை.

கொள்ளளவு எப்படி இவ்வளவு ஏறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐபிஎம் கம்பனி 1956 இல் வெளியிட்ட முதல் வன்தட்டுக்குள் 24 அங்குல அகலமான சுழலும் தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து 5 மெகாபைட் அளவுதான், இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுக்குச் சரி. 1988 இல் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குரூன்பெர்க் என்ற இரண்டு பௌதிகவியலாளர்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்த மாபெரும் காந்தத்தடை விளைவு (சிறிய காந்த மாற்றத்துக்கும் மின்தடை பெரிதாக மாறுவது), 1997 இல் ஐபிஎம்மின் வன்தட்டுகளுக்குள் வந்தது. படிக்கும் முனை மிகச் சிறிய காந்தப் புள்ளியையும் உணரத் தொடங்கியதும் கொள்ளளவு பாய்ந்து ஏறியது. அவர்கள் இருவருக்கும் 2007 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹிட்டாச்சி முதலாவது 1 டெராபைட் தட்டை அறிவித்ததும் அதே வருடம்தான். 2024 இல் தரவு மையங்களுக்கென்று 30 டெராபைட்டும் வந்துவிட்டது.

பழைய கணினியில் போடப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் 160 ஜிபி தட்டைப் பூட்டிவிட்டு "127 தான் காட்டுகிறது, தட்டு பழுதோ" என்று கொண்டு வருவார்கள். தட்டு நன்றாகத்தான் இருக்கும். அந்தக் கணினிக்குக் கம்பனிக் கணக்கில் 137 ஜிபிக்கு மேல் முகவரியே இல்லை, விண்டோஸ் அதைத்தான் 127 என்று காட்டும், அவ்வளவுதான். இன்றைக்கு அதே சிக்கல் 2 டெராபைட்டில் வருகிறது. தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆரில் பிரித்தால் 3 டெராபைட் தட்டில் 2048 ஜிபி போக மிச்சம் 746 ஜிபி சும்மா கிடக்கும். புதிய முறையான ஜிபிடியைத் தெரிவு செய்யுங்கள், முழுவதும் வரும்.

சரி, ஏன் இரண்டு தட்டு? மேசையில் இருந்து விழுந்த வெளித் தட்டை பையில் சுற்றிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வயரைப் பூட்டியதும் "டிக்... டிக்..." என்று சத்தம் கேட்கும். உள்ளே சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீற்றர் உயரத்தில் மிதக்கும் படிக்கும் முனை தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்ப் போய்த் திரும்பி வருகிற சத்தம் அது. அந்த மூடியை நாங்கள் கடையில் திறக்க மாட்டோம். தூசு இல்லாத அறை வேண்டும், செலவும் கூட, படங்கள் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. பிள்ளை பிறந்ததில் இருந்து எடுத்த படமெல்லாம் அதற்குள்தான் என்று ஒரு தாய் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

எங்கள் ஊருக்கு இது புதுக் கவலை இல்லை. 1995 ஒக்டோபரில் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அல்பங்களைக் கொண்டு போக முடியாதவர்கள் எத்தனையோ பேர். அந்தக் குடும்பங்களில் இன்றைக்குப் பழைய படம் ஏதாவது இருக்கிறதென்றால், அநேகமாக அது கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பெரியம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ தபாலில் அனுப்பிய பிரதியாக இருக்கும். இரண்டாவது பிரதி வேறொரு வீட்டில் இருந்ததால் அது தப்பியது. உங்கள் இரண்டாவது தட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும், ஒரே அலுமாரிக்குள் இரண்டையும் வைத்தால் பிரயோசனம் குறைவு.

வாங்கும்போது எஸ்எம்ஆர் (SMR) என்ற வகை வன்தட்டா என்று கேட்டுப் பாருங்கள். கிடுகு வேயும்போது ஒன்றின் விளிம்பு மற்றதில் ஏறிக் கிடப்பது போல, அதில் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறி இருக்கும். அடியில் உள்ளதை மாற்ற மேலே உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். சேமித்து வைக்க மட்டும் என்றால் குறையில்லை, வீடியோ வெட்டி ஒட்டும் வேலைக்கு இழுபடும். விண்டோஸை எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் பதியும் வகை) போடுங்கள், படங்களை வன்தட்டில் வையுங்கள். மின்சாரம் இல்லாமல் நீண்ட காலம் கிடந்தால் எஸ்எஸ்டியில் உள்ளது மெல்ல அழியக்கூடும்.

கொள்ளளவு ஏறிய அளவுக்கு வேகம் ஏறவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். நொடிக்கு 150 மெகாபைட் என்று வைத்தாலும் 4 டெராபைட் நிறைந்த தட்டைப் பிரதி எடுக்க ஏழு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும், 2 டெராபைட்டுக்கு அதில் பாதி. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது பெரிய தட்டைப் பிரதி எடுக்க நாங்கள் பட்டபாடு கொஞ்சமில்லை. யூபிஎஸ் இல்லாவிட்டால் ஒரேயடியாக இழுக்காமல் வருடம் வருடமாகப் பிரித்துப் போல்டர் போட்டு ஏற்றுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் நாலைந்து வீடியோவைத் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் பழைய தட்டில் கை வைக்க வேண்டும்.