அந்தச் சிப்பாயை வெட்டாமல் விட்டிருக்க வேண்டும்

வணக்கம் நண்பரே. மயிலாப்பூரில் நடந்த சதுரங்கப் போட்டியில் எதிராளியின் கடைசிச் சிப்பாயை டி5 கட்டத்தில் வெட்டிய பிறகு, இரு குதிரைகள் இருந்தும் ஆட்டம் டிராவானது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டியதுதான் காரணம். தனி ராஜாவை மூலையில் நெருக்கினால், எதிராளி தவறு செய்தாலொழிய, மேட்டுக்கு (தப்ப வழியில்லாத செக்) முந்தைய நகர்த்தலிலேயே ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே அவருக்கு நகர்த்த வழியற்றுப்போய் டிரா, ஆகிவிடும். சிப்பாய் இருந்தால் அவர் அதை நகர்த்தியே ஆக வேண்டும், அந்த இடைவெளியில் உங்கள் குதிரை வந்து மேட் செய்யும்.

ஆகவே ஒரு குதிரையை டி4-இல் நிறுத்திச் சிப்பாயை மறித்துக்கொண்டு, உங்கள் ராஜாவும் மற்றக் குதிரையுமாக அவருடைய ராஜாவை மூலைக்கு ஓட்டிய பின்பே மறிப்பை விட வேண்டும். ருஷ்யப் புதிர் அமைப்பாளர் டிராய்ட்ஸ்கி கண்டறிந்தபடி, குதிரையால் உறுதியாக மறிக்கப்பட்ட கறுப்புச் சிப்பாய் ஏ4, பி6, சி5, டி4, இ4, எஃப்5, ஜி6, எச்4 என்ற கோட்டைத் தாண்டாதவரை வெள்ளைக்கு, அதாவது உங்களுக்கு, வெற்றி உண்டு. ஆனால் சில நிலைகளில் அதற்கு 100 நகர்த்தல்களுக்கு மேலும் தேவைப்படுவதால் 50 நகர்த்தல் விதி (காய் வெட்டாமலும் சிப்பாய் நகராமலும் இருதரப்பும் 50 நகர்த்தல்கள் ஆடினால் டிரா கோரலாம்) குறுக்கிடும். மூலையில் முடிக்கும் கடைசிப் பகுதியை முதலில் பழகுங்கள். ராஜாவை ஓட்டுவதுதான் உண்மையில் கடினமானது, அதற்குப் பல வாரப் பயிற்சி வேண்டும்.