‘சரிங்க அண்ணா’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 26 வயது. தாராபுரம் பக்கம் ஒரு கிராமம். மூன்று வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்களிடம் வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் மெயிலைப் படித்து, நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், பேக்கிங் என்று ஒவ்வோர் இடத்திலும் வேலை நகர்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாள் முழுவதும் பேசியே ஆக வேண்டிய வேலை. எனக்கோ முதலாளி அறைக்குள் நுழைந்தாலே வாய் கட்டிப் போகிறது.

இரண்டு மாதத்துக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர். முதலாளி போனில் யாருடனோ பேசிக்கொண்டே, “துணி போன தடவை மாதிரியே போட்டுவிடு” என்றார். அந்த பையருக்குப் போன தடவை இரண்டு ஆர்டர் செய்திருந்தோம். ஒன்று 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு), இன்னொன்று 180. எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. ஆனால் “சரிங்க அண்ணா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கடைசியாகப் போனது 180 என்பதால் அதையே போட்டேன். 400 கிலோ ஓடிய பிறகுதான் 160 என்று தெரிந்தது. நூல் நம்பரே வேறு. எதுவும் செய்ய முடியவில்லை. சாயம் ஏறாத அந்த கிரே துணி இன்னும் குடோனில் கிடக்கிறது. போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது.

எல்லார் முன்னாலும் அவர் கேட்டார்: “ஒரு வார்த்தை கேட்டால் என்ன, வாயில் முத்தா உதிர்ந்துவிடும்?” அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் சேர்ந்த புதிதில் நான் ஒரு சந்தேகம் கேட்டபோது “இதுகூடத் தெரியாமல்தான் வேலைக்கு வந்தாயா?” என்று கேட்டவரும் அவர்தான்.

வெளியிலும் இப்படித்தான். கல்லூரியில் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பன், தங்கை கல்யாணத்துக்கு 50,000 ரூபாய் கேட்டான். அம்மாவின் ஆபரேஷன் கடனே எனக்கு முடியவில்லை. அதைச் சொல்லாமல் “பார்க்கலாம்டா” என்றேன். பிறகு மூன்று வாரம் அவன் போனை எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு எங்கேயோ வட்டிக்கு வாங்கினானாம். “முடியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் போதுமே” என்று ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினான். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரையும் வகுப்புக்குப் போகிறேன். ஆசிரியர் “எல்லாருக்கும் புரிந்ததா?” என்றால் முதலில் தலையாட்டுவது நான்தான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு கணக்கைத் திரும்பக் கேட்டதற்கு, “இவ்வளவு நேரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தாயா?” என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டில் நிஜமாகவே மாடு இருந்தது. அதற்குப் பிறகு நான் எந்த வகுப்பிலும் சந்தேகம் கேட்டதாக நினைவில்லை.

இதற்கிடையில் என் கீழே ஒரு பையனைப் போட்டிருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் “சரிங்க அண்ணா” என்கிறான். பிறகு தப்பாகச் செய்துவிட்டு வந்து நிற்கிறான். எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

முதலாளி அறைக்குப் போக வேண்டும் என்றாலே உள்ளங்கை வியர்க்கிறது. இரவில் தூக்கமும் சரியில்லை. எனக்குத் தைரியம் வர என்ன செய்ய வேண்டும்?

பெயர் வேண்டாம், திருப்பூர்.

*

அன்புள்ள தம்பிக்கு,

தைரியம் வருவதற்கு வழி கேட்டிருக்கிறீர்கள். அதைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி: “தெரியவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது.” இதை இவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்தவருக்குப் பேச வராது என்று நான் நம்பத் தயாராக இல்லை. 160-ஆ 180-ஆ என்ற கேள்வி உங்கள் மண்டைக்குள் முழுசாக உருவாகிவிட்டது. அதற்கும் வாய்க்கும் இடையில், ஒன்பதாம் வகுப்பில் சிரித்த நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

‘சரி’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கும் சரி என்கிறோம். புரிந்தது என்பதற்கும் அதுவே. அப்படியே செய்துவிடுகிறேன் என்பதற்கும் அதுவே. போதும், பேச்சை முடித்துக்கொள்வோம் என்பதற்குக்கூட அதுவே! நீங்கள் கடைசிப் பொருளில் சொன்னீர்கள், உங்கள் முதலாளி மூன்றாவது பொருளில் எடுத்துக்கொண்டார். உங்கள் ஊர்ப் பேச்சில் அதோடு ஒரு ‘ங்க’ வேறு சேர்கிறது. அதில் மரியாதை நிறைய இருக்கிறது, தகவல் ஒன்றும் இல்லை.

இந்தச் சொல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஒரு பழைய விபத்தைச் சொல்கிறேன். 1977 மார்ச் 27. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் உள்ள டெனரீஃப் விமான நிலையம். நல்ல மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747. ஒன்று நெதர்லாந்தின் கேஎல்எம், மற்றொன்று அமெரிக்காவின் பான் ஆம். கேஎல்எம் துணை விமானி, “புறப்படப் போகிறோம்” என்றோ “புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம்” என்றோ இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வாக்கியத்தை ரேடியோவில் சொன்னார். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வந்த பதிலின் முதல் சொல் “ஓகே”. பிறகு “காத்திருங்கள், நான் அழைக்கிறேன்” என்றும் சொன்னார்கள். அதே நொடியில் பான் ஆம் விமானமும் ரேடியோவில் பேசியதால், கேஎல்எம் விமானிகளின் அறையில் ‘ஓகே’ மட்டும் தெளிவாக விழுந்தது, மீதி இரைச்சலோடு கலந்துவிட்டது.

அந்த அறையில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. விமானப் பொறியாளர். பான் ஆம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்கவும் செய்தார். தலைமை விமானி, அந்த நிறுவனத்திலேயே மிக மூத்தவர்களில் ஒருவர், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், “விலகிவிட்டது” என்று அழுத்திச் சொல்லிவிட்டார். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

உங்கள் 400 கிலோ துணியோடு இதை ஒப்பிடுவது அதிகம்தான். ஆனால் அதற்குப் பிறகு விமானத் துறை என்ன செய்தது என்பதற்காகத்தான் சொல்கிறேன். விமானிகளே, தைரியமாக இருங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டு விட்டுவிடவில்லை. பேசும் முறையையே மாற்றினார்கள். ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர வேறு எப்போதும் பயன்படுத்துவதில்லை. முக்கியமான உத்தரவுக்கு வெறும் ‘ஓகே’ போதாது, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். மூத்தவரின் பேச்சில் இளையவர் குறுக்கிட்டுச் சந்தேகம் எழுப்புவதையும் பயிற்சியின் பகுதியாகவே பின்னாளில் சேர்த்தார்கள். மருத்துவமனைகளில் டாக்டர் போனில் மருந்தின் அளவு சொன்னால், நர்ஸ் எழுதி, அதை அவருக்கே திருப்பி வாசித்துக் காட்டும் வழக்கமும் இதே வகைதான். அப்படி வாசிப்பதால் அந்த நர்ஸுக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் நினைப்பதில்லை.

ஆகவே உங்களுக்கு நான் தரப்போவது தைரியம் இல்லை, ஒரு வாக்கியம். முதலாளி எது சொன்னாலும் ‘சரி’யைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். அதற்கு முன்னால் நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லுங்கள். “அண்ணா, 160 ஜிஎஸ்எம் போட்டோமே, அதே மாதிரிதானே? 180 இல்லையே? சரிங்க அண்ணா.” இவ்வளவுதான். “எனக்குப் புரியவில்லை” என்று ஆரம்பித்தால் உங்கள் முதலாளி உங்களைப் பார்ப்பார். இரண்டு எண்ணைச் சொன்னால் எண்ணைப் பார்ப்பார். முதல் கேள்வியில் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறீர்கள், இரண்டாவதில் பையரின் ஆர்டர் ஷீட் நிற்கிறது. இதைச் சொல்லிப் பழக, பேருந்தில் வரும்போது வாய்க்குள் முணுமுணுத்தாலும் போதும். முதல் பத்து நாள் நாக்கு ஒட்டும்.

அவர் போனில் இருந்தால் வெளியே வந்து அதே வரியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: “துணி 160 ஜிஎஸ்எம் என்று நிட்டிங்குக்குச் சொல்கிறேன் அண்ணா.” எழுத்தில் உங்கள் கை நடுங்குவது தெரியாது. தப்பென்றால் அவரே கூப்பிடுவார். பதிலே வராவிட்டால், 400 கிலோ ஓட்டுவதற்கு முன் மறுபடி வாசலில் நிற்கத்தான் வேண்டும், அதற்கு மாற்று இல்லை.

முதலாளியையும் நான் சும்மா விட மாட்டேன். கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’, கேட்காவிட்டால் ‘கேட்டால் என்ன’ என்பவர், அந்தக் குடோனில் கிடக்கும் துணியில் பாதிக்குச் சொந்தக்காரர். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் அதிகம் வந்தது. கூர்ந்து பார்த்தபோது, அந்தக் குழுக்களில் தவறை வெளியே சொல்ல ஆட்கள் பயப்படவில்லை, மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதுதான் காரணமாகத் தெரிந்தது. உங்கள் முதலாளிக்கு இதை எடுத்துச் சொல்லும் இடத்தில் நீங்கள் இல்லை. ஆனால் நடந்த தவறு முழுவதையும் தனியாகச் சுமக்க வேண்டாம் என்று தெரிந்துகொள்ளலாம்.

நண்பர் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம் பேச முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘பார்க்கலாம்’ என்பது தமிழில் பாதி நேரம் ‘முடியாது’ என்பதற்கு நாம் போடும் முக்காடு. கடைக்காரரிடமும் தூரத்து உறவினரிடமும் அது செல்லும், அவர்களுக்கும் அது தெரியும். ஒரே அறையில் படுத்துறங்கிய நண்பன் அதை நிஜமாகவே ‘பார்க்கலாம்’ என்று கேட்டான், உங்களை நம்பியதால். நீங்கள் பணம் தராதது அவனுக்கு வலிக்கவில்லை, அவனே அதை எழுதிவிட்டான். வேறு இடத்தில் கேட்டிருக்க வேண்டிய மூன்று வாரத்தை நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். அம்மாவின் ஆபரேஷன் கடனைச் சொல்வதற்கு என்ன கூச்சம்? அவனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறீர்கள்?

போன் செய்யாதீர்கள், நேரில் போங்கள். ‘சூழ்நிலை அப்படி’ என்று ஆரம்பிக்காதீர்கள். “அன்றே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தில் ஏமாற்றத்தைப் பார்க்கப் பயந்து ஒளிந்துகொண்டேன்” என்று சொல்லுங்கள். அவன் உடனே தோளில் கை போடுவான் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. வட்டி கட்டிக்கொண்டிருப்பவனின் கோபம் ஒரே நாளில் ஆறாது.

வகுப்பில், எல்லார் முன்னும் கை தூக்கச் சொல்லவில்லை. முடிந்ததும் ஆசிரியரிடம் போய், “இது வரைக்கும் வந்துவிட்டது, இந்த இடத்தில் நின்றுவிட்டேன்” என்று திரையைக் காட்டுங்கள். பணம் கட்டிப் படிக்கிறீர்கள், தலையாட்டிவிட்டு வருவதற்கா?

உள்ளங்கை வியர்ப்பதையும் தூக்கம் கெடுவதையும் பற்றி ஒன்று. இரண்டு மாதமாக நீடிக்கிறது என்றால் நேரில் ஓர் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பார்ப்பது நல்லது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. முதலில் போனில் பேசிப் பார்க்க விரும்பினால் மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கடைசியாக, உங்கள் கீழே இருக்கும் அந்தப் பையன். அவனைப் பற்றி மூன்றே வரி எழுதி, எரிச்சல் என்று முடித்துவிட்டீர்கள். எழுதும்போது உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா? அவன் சொல்லும் ‘சரிங்க அண்ணா’ யாருடையது? உங்கள் முதலாளி மாறுவாரோ மாட்டாரோ, இந்த ஒரு மேஜையில் அந்த அண்ணா நீங்கள்தான்.

நாளைக்கு அவனுக்கு ஒரு வேலை சொல்லும்போது ‘புரிந்ததா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு உலகம் முழுவதும் ஒரே பதில்தான். வாஷ் கேர் லேபிள் வாங்கி வர அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். “நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன், எந்த சைஸுக்கு எத்தனை வாங்கப் போகிறாய், நீயே சொல்” என்று கேளுங்கள். அவன் தடுமாறுவான், தரையைப் பார்ப்பான். அந்த நேரம் உங்கள் போன் அடித்தாலும் எடுக்காதீர்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.