ரிசல்ட் குறைந்த பள்ளியை மூடிவிடுவார்களா?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் 8-ஆம் வகுப்பு படிக்கிறாள். 10-ஆம் வகுப்பில் இந்த முறையும் பாதிப் பேர்தான் தேர்ச்சி. கணக்குக்கு ஆசிரியர் இல்லை. "இந்தப் பள்ளியை மூடப்போகிறார்கள், டி.சி. வாங்கிவிடுங்கள், தனியார் பள்ளியில் குறைந்த கட்டணத்தில் சேர்த்துவிடுகிறேன்" என்று ஒருவர் வீடு தேடி வந்து சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் டி.சி. பேச்சை விடுங்கள் அம்மா. தேர்ச்சி குறைந்தது என்பதற்காக அரசுப் பள்ளியை மூடும் விதி நம் மாநிலத்தில் இல்லை. பிள்ளைகளே சேராமல் போன பள்ளிகள்தான் மூடப்படுகின்றன. அந்த நிலைமையை உண்டாக்குவதே உங்கள் வீட்டுக்கு வந்தவரைப் போன்றவர்கள்தான். ஆகஸ்ட் மாதத்து மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயிக்கிறார்கள். பத்துப் பிள்ளைகள் டி.சி. வாங்கிப் போனால், இருக்கிற ஆசிரியரும் 'உபரி' என்று பணிநிரவலில் வேறு ஊருக்குப் போவார்.

ஏப்ரல், மே வந்தால் கே.வி.குப்பம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு என்று ஊர் ஊராக இவர்கள் நடமாட்டம்தான். ஒரு பிள்ளையைச் சேர்த்தால் இவ்வளவு என்று கமிஷன். முதல் வருடம் சலுகை, அடுத்த வருடம் வேன் கட்டணம், புத்தகக் கட்டணம் என்று ஏறும். 9-ஆம் வகுப்பில் பிள்ளை மந்தம் என்று தெரிந்தால், தங்கள் 10-ஆம் வகுப்பு ரிசல்ட் கெடாமலிருக்க டி.சி.யைக் கையில் கொடுத்துவிடும் பள்ளிகளும் உண்டு. அப்போது இந்த ஆள் போனை எடுக்க மாட்டார்.

அவர் சொல்லாமல் விடுவது இன்னொன்று. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் ஏறக்குறைய அதே கணக்குதான்; அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது உண்டு, கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிக்கு இல்லை. 9, 10 மட்டும் தனியாரில் படித்துவிட்டு 11-க்குத் திரும்பி வந்தாலும் இரண்டும் போச்சு. "பக்கத்து வீட்டுப் பிள்ளை தனியாரில் படித்தும் கிடைத்ததே" என்று யாராவது சொல்வார்கள். அது வேறு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் கட்டணமில்லாமல் ஒதுக்கும் 25 விழுக்காடு இடத்தில் சேர்ந்து, 8 வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கும் இவை உண்டு. கவனியுங்கள்: 25 விழுக்காடு இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும், 9-ஆம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் இருக்க வேண்டும். கட்டணம் கட்டிச் சேர்ந்த பிள்ளைக்கு இது பொருந்தாது. உங்கள் மகள் போகப்போவது நேர் எதிர்த் திசையில், அதனால் அவளுக்கும் பொருந்தாது.

சரி, ரிசல்ட் குறைந்த பள்ளியை அரசு என்ன செய்கிறது? தேர்வு முடிவு வந்த கையோடு முதன்மைக் கல்வி அலுவலர் தலைமை ஆசிரியர்களைக் கூப்பிட்டுப் பாடவாரியாக மீளாய்வு நடத்துவார். 2024-இல் 10-ஆம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 91.55 விழுக்காடு, வேலூர் 82.07 விழுக்காட்டோடு கடைசி. அதனால் நம் மாவட்டத்தில் நெருக்கடி அதிகம். ஆனால் கணக்கு ஆசிரியரே இல்லாத பள்ளியின் தலைமை ஆசிரியரை எழுப்பி நிறுத்தி, "கணக்கில் ஏன் குறைந்தது?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அந்தக் காலிப் பணியிடம் கேட்பவருடைய கோப்பிலேயேதான் இருக்கிறது. இருபது பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் 5 விழுக்காடு இறங்கும். அந்த ஒரு பிள்ளை ஏன் தவறியது என்று கேட்காமல் விழுக்காட்டை மட்டும் திட்டிவிட்டுக் கலைவதை மீளாய்வு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உருப்படியான உதவி கேட்டால்தான் வரும். கேட்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். 'பள்ளியை மேம்படுத்த வேண்டும்' என்று பொதுவாக எழுதவிடாதீர்கள். 'கணக்குப் பட்டதாரி ஆசிரியர் இடம் இத்தனை மாதமாகக் காலி; நிரப்பும் வரை பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்ப வேண்டும், இல்லையென்றால் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமிக்க அனுமதி வேண்டும்' என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். இது நடக்காத காரியமல்ல. 2022-இல் 13,331 தற்காலிக ஆசிரியர்களைக் குழுக்கள் வழியாக எடுக்க அரசே அனுமதி கொடுத்தது. அந்த வேலையை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு ஒருவர் வந்தால் அவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தீர்மானத்தின் நகலோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். அசைவில்லையா, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலும் புகார் பதியலாம்.

அப்புறம் மகள். 5-ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், இரண்டு வகுத்தல் கணக்குப் போடச் சொல்லுங்கள். திணறினால் அவளைத் திட்ட வேண்டாம். 6 முதல் 9 வரை படிக்கும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே 2025-இல் 'திறன்' பயிற்சியைத் தொடங்கினார்கள். அதில் சேர்ப்பது அவமானம் என்று நினைக்காமல், வகுப்பாசிரியரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். பத்தாம் வகுப்புக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.