லாக் போட்டால் ஆளுக்கொரு விடை: கால்குலேட்டர் பழுதா?

கேள்வி: அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8×10⁻⁵. இதற்கு லாக் (மடக்கை) போட்டால் என் கேஸியோ எஃப்எக்ஸ்-991 எம்எஸ்ஸில் 2.55×10⁻⁶ வருகிறது, தோழியின் இஎஸ் மாடலில் −4.74. என்னுடையது பழுதா?

பதில்: பழுதெல்லாம் இல்லை. நீங்கள் லாக், 1.8, பெருக்கல், 10, அடுக்கு, −5 என்று தட்டியிருப்பீர்கள். எம்எஸ் மாடல் லாக்கை ஒட்டி நிற்கும் 1.8-க்கு மட்டும் மடக்கை எடுத்து (0.2553), பிறகு 10⁻⁵ஆல் பெருக்கிவிட்டது. இஎஸ்ஸில் லாக் அழுத்தியதுமே அடைப்புக்குறி தானாகத் திறப்பதால் முழு எண்ணும் உள்ளே போய்விடுகிறது.

உங்கள் மாடலில் எக்ஸ்ப் பொத்தானைப் பயன்படுத்துங்கள்: லாக், 1.8, எக்ஸ்ப், (−), 5, =. விடை −4.7447. எக்ஸ்ப் என்பதற்கே 'பெருக்கல் பத்தின் அடுக்கு' என்று பொருள்; அதற்கு முன் இன்னொரு 10-ஆல் பெருக்கினால் எண்ணே பத்து மடங்கு பிசகும். பெயரைப் பார்த்து இ-யின் (2.718…) அடுக்கு என்று நினைப்பவர்களும் உண்டு. அது ஷிஃப்ட், எல்என்.

இஎஸ்ஸின் அடைப்புக்குறி வேறொரு இடத்தில் காலை வாரும். 2-ஐ அடிமானமாகக் கொண்டு 50-இன் மடக்கை வேண்டுமென்றால் லாக் 50-ஐ லாக் 2-ஆல் வகுக்கலாம்; விடை 5.6439. 50-க்குப் பின் அடைப்பை மூடாமல் வகுத்தால் 2.2204 வரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் தோழியை எச்சரித்து வையுங்கள்.

எதிர்மடக்கைக்கு (மடக்கையிலிருந்து எண்ணைத் திரும்பப் பெற) தனிப் பொத்தான் கிடையாது. ஷிஃப்ட், லாக், (−), 4.7447 என்று தட்டினால் 1.8×10⁻⁵ திரும்பக் கிடைக்கும். மடக்கை அட்டவணையில் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். அட்டவணை இந்த −4.7447-ஐயே 5-இன் தலையில் கோடு போட்டு, .2553 என்று எழுதும். கோடு 5-க்கு மட்டுமே உரியது; .2553 நேர்க்குறி எண். அதை −5.2553 என்று தட்டினால் 5.56×10⁻⁶ வந்து நிற்கும். −5 + 0.2553 என்று அடைப்புக்குள் கொடுங்கள்.

வினைவேகத்துக்கான அர்ரீனியஸ் சமன்பாட்டில் இ-யின் அடுக்காக −50000-ஐ (கிளர்வு ஆற்றல்) 8.314×298-ஆல் (வாயு மாறிலி × வெப்பநிலை) வகுக்கும்போது பகுதிக்கு (கீழே உள்ள பெருக்கலுக்கு) ஓர் அடைப்பு, அடுக்கு முழுவதற்கும் ஓர் அடைப்பு போடுங்கள். இ-யின் அடுக்கு −20.18, விடை 1.72×10⁻⁹. அடைப்பை விட்டால் வெறும் 0 வரும்.

'மேத் எரர்' வந்தால், சுழிக்கோ குறை எண்ணுக்கோ லாக் கேட்டிருக்கிறீர்கள். அல்லது விடை 10¹⁰⁰-ஐத் தொட்டிருக்கிறது. இ-யின் அடுக்கு 230.26-ஐ எட்டினாலே அப்படித்தான்.